கண்ணிமை வண்ணம்: பார்த்து வாங்குவோம், பார்த்துப் பூசுவோம்



தை பிறந்துவிட்டால் நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களுக்கு ஓய்வே இல்லை. நம் குழுக்களிலும் மணப்பெண் அலங்காரத்தைத் தொழிலாக எடுத்துச் செய்கிற உறுப்பினர்கள் பெருகி வருகிறார்கள். தறி ஓட்டிய கையும், மரவள்ளிக் கிழங்கு தோல் உரித்த கையும் இன்று பிரஷ் பிடிக்கின்றன. நமக்கெல்லாம் பெருமைதான். அதனால் இந்த இதழின் தொழில் பாடத்தில், கண்ணிமை மேல் பூசுகிற ஐ ஷேடோவைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

முதலில் ஒரு சம்பவம். ராசிபுரம் பக்கத்து ஊர் ஒன்றில் நம் உறுப்பினர் ஒருவர் குழுவில் உள்கடன் ரூ.6,000 வாங்கி அலங்காரப் பொருட்கள் வாங்கினார். ஒரு வரவேற்புக்கு மணப்பெண்ணின் கண்ணிமையில் மின்னட்டும் என்று டப்பாவில் இருந்த ஜிகினாப் பொடியைத் தூவினார். அது கைவினைப் பொருள் செய்கிற ஜிகினா. இரவு கண் உறுத்தியது, பெண் கசக்கிவிட்டாள். காலை முகூர்த்தத்தில் ஒரு கண் சிவந்து வீங்கி, தாலி கட்டும் நேரத்தில் தண்ணீர் கொட்டியது. மருத்துவரிடம் காட்டி, சொட்டு மருந்து விட்டு, சில நாளில் குணமாகிவிட்டது. ஆனால் நம் உறுப்பினர் பயந்துபோய் அடுத்த இரண்டு முகூர்த்தத்துக்கும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடன் தவணையும் நின்றது.

குழுக் கூட்டத்தில் அவர் கேட்டார்: "ஏனுங்க மேடம், ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரிதானுங்க மின்னுச்சு. எது கண்ணுக்கு, எது காயிதப் பூவுக்குன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. கடன் கொடுத்தோம், கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தோம். கையில் இருக்கிற பொருள் என்ன என்று சொல்லித் தரவில்லை. இந்தப் பாடம் அவருக்கான பதில்.

மின்னுவது எது?

ஐ ஷேடோ என்பது நிறப்பொடி. டால்க் போன்ற மென்மையான பொடியில் நிறமி சேர்த்து அழுத்திச் செய்கிறார்கள். பளபளப்பு பெரும்பாலும் மைக்காவில் இருந்து வருகிறது. மைக்கா என்றால் வேறொன்றுமில்லை, நம் பெரியவர்கள் காக்காப்பொன் என்று சொல்வார்களே, அதே கல்தான். அதை மிக நுண்ணிய தகடாகப் பொடித்துச் சேர்க்கிறார்கள். தகடு சிறியதாக இருந்தால் பட்டு போல மெல்லிய பளபளப்பு. பெரியதாக இருந்தால் நட்சத்திரம் போல மினுக்கு.

கைவினை ஜிகினா அப்படி அல்ல. பிளாஸ்டிக் தாளில் உலோகப் பூச்சு கொடுத்துப் பொடிப்பொடியாக வெட்டியது. அதன் ஓரம் கூர்மை. கண்ணில் விழுந்து கசக்கினால் கருவிழியைக் கீறிவிடும். அன்று நடந்தது இதுதான்.

நான்கு வகை, நான்கு சேலை

பூசிய பிறகு இமை எப்படித் தெரிகிறதோ அதைத்தான் ஃபினிஷ் என்கிறார்கள். சேலையை நினைத்துக்கொண்டால் மறக்காது.

1. மேட்: பளபளப்பே இல்லாதது. கஞ்சி போட்ட பருத்திச் சேலை மாதிரி. நிறம் மட்டும் தெரியும்.

2. சாட்டின்: லேசான மினுமினுப்பு. மென்பட்டு மாதிரி. யாருக்கும் உறுத்தாது.

3. ஷிம்மர்: நன்றாகப் பளபளக்கும். வெளிச்சம் பட்டால் ஜரிகைப் பட்டு போல ஜொலிக்கும்.

4. கிளிட்டர்: பொட்டுப் பொட்டாக மின்னும். சமிக்கி வைத்துத் தைத்த சேலை மாதிரி. கண்ணுக்கென்றே தயாரித்ததை மட்டும், அதற்கான பசையோடு, இமையின் நடுவில் கொஞ்சமாக வைக்க வேண்டும். உதிரியாகத் தூவவே கூடாது.

யாருக்கு எது?

நேரம்: காலை முகூர்த்தத்துக்கு இயற்கை வெளிச்சமும் ஹோமப் புகையும் இருக்கும். மேட்டும் சாட்டினும் போதும். மாலை வரவேற்பில் விளக்கு வெளிச்சத்துக்கு ஷிம்மர் எடுபடும். ஆனால் இமை முழுக்க ஷிம்மர் அப்பினால் ஃபிளாஷ் வெளிச்சத்தில் போட்டோவில் வெள்ளையடித்தது போல விழும். மடிப்பில் மேட், நடு இமையில் மட்டும் ஷிம்மர் என்று பிரித்துப் போட்டால் கண் எடுப்பாகத் தெரியும்.

வயது: அம்மாவுக்கும் அத்தைக்கும் அலங்காரம் செய்யச் சொல்வார்கள். இமையில் சுருக்கம் இருந்தால் ஷிம்மர் அந்தச் சுருக்கத்தைத்தான் எடுத்துக் காட்டும். மேட் அல்லது சாட்டின் போடுங்கள்.

தோல்: எண்ணெய் வழிகிற தோலில் பூசிய பொடி கொஞ்ச நேரத்தில் மடிப்பில் கோடாகச் சேர்ந்துவிடும். பங்குனி வெயிலில் கேட்கவே வேண்டாம். இமையைத் துடைத்து, பிரைமர் தடவி, அதன்மேல் பொடியை மெல்லிசாக அழுத்திப் பூச வேண்டும். வறண்ட தோலில் மேட் வெடித்தது போலத் தெரியும். அங்கே சாட்டின் பொருந்தும்.

நிறம்: இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "பொண்ணு கறுப்பா இருக்குது, வெளுப்பா தெரியற மாதிரி போட்டு வுடு அம்மிணி" என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வெளிர் ரோஸ், வெளிர் நீலம் போன்ற நிறங்களில் வெள்ளை நிறமி அதிகம் இருக்கும். கறுத்த தோலில் பூசினால் சாம்பல் தடவியது போல ஆகிவிடும். செம்பு, வெண்கலம், பொன், மெரூன், கத்தரிப்பூ நிறங்கள் நம் பெண்களின் மாநிறத்திலும் கறுப்பிலும் ஒளி வீசும். தோலை மறைப்பதற்கு அல்ல, கண்ணை எடுத்துக்காட்டத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள். இதை நாம்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

வாங்கும்போது

நம் நாட்டில் அழகுப் பொருட்களுக்கு 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகள் உள்ளன. நிறமிகளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, ஆர்செனிக் 2 பங்குக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் கண்ணால் பார்த்து ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது. லேபிளைப் பார்க்கலாம்:

- தயாரித்த கம்பெனியின் பெயரும் முகவரியும்
- தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண்
- எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம்
- சேர்ந்துள்ள பொருட்களின் பட்டியல்
- கண்ணுக்கு உரியதா என்ற குறிப்பு

லேபிள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வெட்கப்படாதீர்கள். படிக்கிற மகளையோ குழுவில் படித்தவரையோ படிக்கச் சொல்லுங்கள். லேபிளே இல்லாத டப்பா எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பில் கேட்டு வாங்குங்கள். பெரிய பெட்டியாக வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. மேட் பழுப்பு, சாட்டின் செம்பு, ஷிம்மர் பொன், மேட் மெரூன் ஆகிய நான்கு இருந்தால் பெரும்பாலான கல்யாணங்களைச் சமாளித்துவிடலாம்.

பூசும்போது

1. முந்தைய நாளே பெண்ணின் முழங்கை உட்பக்கத்தில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். 24 மணி நேரத்தில் அரிப்போ சிவப்போ வந்தால் அந்தப் பொருள் அவளுக்கு வேண்டாம்.

2. ஒருவருக்குப் பூசிய பிரஷ்ஷை அப்படியே அடுத்தவருக்குப் பூசாதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்த பிரஷ் ஆளுக்கொன்று இருக்கட்டும். கண் மை, மஸ்காராவைப் பலருக்குப் பொதுவாக வைத்தால் மெட்ராஸ் ஐ பரவ வழியாகிவிடும்.

3. நிறம் ஒட்டவில்லை என்று எச்சில் தொட்டுப் பூசுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கட்டாயம் விட வேண்டும்.

4. பூசும்போது கண்ணை மூடச் சொல்லுங்கள். பிரஷ்ஷைத் தட்டி உதறிவிட்டுத் தொடுங்கள்.

5. கண்ணில் விழுந்துவிட்டால் கசக்க விடாதீர்கள். சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். வலி, சிவப்பு, மங்கல் இருந்தால் கைவைத்தியம் வேண்டாம், உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

6. இரவு அலங்காரத்தைக் கலைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்று பெண்ணிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

வீட்டு மையும் சுர்மாவும்

சேலம் மாவட்டம் ஆமணக்கு விளையும் மண். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. விளக்கெண்ணெய் தீபத்தின் கரியைத் தட்டில் பிடித்து, அதே எண்ணெயில் குழைத்து மை செய்வது நம் பாட்டிமார் வழக்கம். அது கரி, ஈயம் இல்லை. இமைக்கு வெளியே இடலாம். ஆனால் கைக்குழந்தையின் கண்ணுக்குள் விரலால் இழுப்பது வேண்டாம், கிருமி சேரும். கடையில் விற்கிற சுர்மா வேறு. அது ஈயம் கலந்த கல்லைப் பொடித்துச் செய்வதாக இருக்கலாம். ஈயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். இரண்டும் கறுப்புதானே என்று ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

முடிவாக

அந்த ராசிபுரம் பக்கத்து உறுப்பினரைக் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தின் இலவச அழகுக்கலைப் பயிற்சிக்கு அனுப்பினோம். முதலில் தயங்கினார். "மறுபடியும் ஒரு புள்ள கண்ணத் தொடறதுக்குக் கை நடுங்குதுங்க" என்றார். பயிற்சி முடித்து வந்து பழைய டப்பாக்களைக் குழுவின் முன் கொட்டினார். லேபிள் இல்லாததை எல்லாம் அவரே ஒதுக்கினார். இப்போது மறுபடி முகூர்த்தத்துக்குப் போகிறார், தவணையும் கட்டுகிறார். அந்த ஜிகினா டப்பா அவர் மகளின் பள்ளிக்கூட ஓவிய நோட்டுக்குப் போய்விட்டது.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

- நம் குழுவில் அலங்காரத் தொழில் செய்பவர்கள் தங்கள் பெட்டியைக் கொண்டு வந்து, லேபிளைச் சேர்ந்து படித்துப் பார்க்கலாமா?
- பிரஷ், பஞ்சு, நல்ல தரமான பொருள் இவற்றின் செலவையும் கூலியில் சேர்த்துக் கேட்கிறோமா?
- "வெளுப்பாக்கி விடு" என்று சொல்பவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் வரும்போது படித்துப் பார்க்கிறோம்.