பூனைக்காலியும் மூளையின் வாயிலும்

நுழையும்முன்

உடலின் பெரும்பாலான உறுப்புகளுக்குக் குருதி வழியே மருந்து எளிதில் சென்று சேரும். மூளைக்கு மட்டும் அவ்வாறு சேர்வதில்லை. அதற்குக் காரணம் என்ன? அத்தடையை மருத்துவம் எவ்வாறு கடந்தது? புதர்க்காடுகளில் படரும் ஒரு கொடிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு யாது? இப்பாடம் விடை கூறுகிறது.

சிறுத்துப்போன எழுத்து

சித்தூர் வெல்ல மண்டி ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதிய முதியவர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். முத்துமுத்தாக எழுதியவர் அவர். இப்போதோ வரியின் தொடக்கத்தில் பெரிதாக இருக்கும் அவருடைய எழுத்து, வரி முடிவதற்குள் எறும்பு ஊர்ந்ததுபோலச் சிறுத்துவிடுகிறது. மடியில் ஓய்ந்திருக்கும் வலக்கை நடுங்குகிறது. சட்டைப் பொத்தானை மாட்ட நெடுநேரம் ஆகிறது. வீட்டிலுள்ளோர் இதனை முதுமை என்றே கருதினர். பேத்தி மட்டும் பழைய கணக்கேட்டையும் புதிய ஏட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாள்; தாத்தாவைத் திருப்பதிக்கு அழைத்துச் சென்றாள். நரம்பியல் மருத்துவர் அவரை எழுதச் சொன்னார்; நடக்கச் சொன்னார்; கைகளை மெல்ல அசைத்துப் பார்த்தார். பின்னர், இது பார்க்கின்சன் நோய் என்றார்.

1817ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விரிவாக எழுதினார். ஆயுர்வேதம் இதனை ஒத்த நோயைக் கம்பவாதம் என்று அழைக்கிறது. தமிழில் நடுக்குவாதம் என்பர். மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிவதே இந்நோயின் அடிப்படை. டோபமைன் குறைந்தால் அசைவுகள் தளர்கின்றன.

குறைவது டோபமைன் என்றால், அதையே மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால், அது பயன் தருவதில்லை. டோபமைனால் மூளைக்குள் நுழைய முடியாது.

கோட்டையும் வாயிலும்

1885ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் விலங்குகளின் குருதியில் சாயங்களைச் செலுத்தி ஆராய்ந்தார். பிற உறுப்புகள் நிறம் ஏறின. மூளை மட்டும் வெளிறியே இருந்தது. 1913இல் எட்வின் கோல்ட்மன் மூளையைச் சூழ்ந்த நீர்மத்தில் சாயத்தைச் செலுத்தினார். அப்போது மூளை நிறம் ஏறியது. பிற உறுப்புகள் ஏறவில்லை. குருதிக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு இருப்பதை இச்சோதனைகள் உணர்த்தின.

மூளையில் ஓடும் தந்துகிகளை நீட்டி ஒன்றுடன் ஒன்று இணைத்தால் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளும். பிற உறுப்புகளின் தந்துகிச் சுவர்களில் அணுக்களுக்கு இடையே சிறு இடைவெளிகள் உண்டு. மூளைத் தந்துகிகளிலோ அணுக்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்துள்ளன. நச்சுப்பொருள்களும் நோய்க்கிருமிகளும் புகாமல் மூளையைக் காப்பது இவ்வமைப்பே. ஆனால், காக்கும் அச்சுவரே பெரும்பாலான மருந்துகளையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

எனினும், மூளைக்கு உணவு வேண்டுமே! குளுக்கோசுக்கு ஒரு வாயிலும், புரதத்திலிருந்து கிடைக்கும் சில அமினோ அமிலங்களுக்கு வேறொரு வாயிலும் அச்சுவரில் உள்ளன. கடத்திப் புரதங்கள் என்பவை இவையே. ஆகவே, மூளைக்குச் செல்ல வேண்டிய மருந்து, அவ்வாயில் ஏற்கும் வடிவில் இருத்தல் வேண்டும்.

சென்னையில் பிரித்த பொருள்

திருப்பதியை அடுத்த சேசாசல மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அம்மலைத்தொடரின் புதர்களில் பூனைக்காலி என்னும் கொடி படர்ந்து வளரும். தெலுங்கில் இதன் பெயர் தூலகொண்டி. இதன் காயைப் போர்த்திய மென்மயிர் பட்டால் தாங்கொணா அரிப்பு உண்டாகும். அதனால் மக்கள் இதனை நெருங்க அஞ்சுவர். ஆயினும், இதன் விதை நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

1937ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி ஆகிய இருவர் இவ்விதையிலிருந்து லெவோடோபா என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். ஐரோப்பாவில் 1913இலேயே அவரை இனத்துச் செடி ஒன்றிலிருந்து இப்பொருள் எடுக்கப்பட்டிருந்தது. ஆனால், அது நடுக்குவாதத்திற்கு மருந்தாகும் என்பதை அந்நாளில் எவரும் அறிந்திருக்கவில்லை.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1957இல் சுவீடன் அறிஞர் ஆர்விட் கார்ல்சன், முயல்களுக்கு ரிசர்பின் என்னும் மருந்தைக் கொடுத்தார். அதுவும் நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தியிலிருந்து கிடைத்ததே. முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. பின்னர் டோபா செலுத்தியதும் அவை எழுந்து நடமாடின. இவ்வகை ஆய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், டோபாவை வாய்வழியே சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து நோயாளிகளை நடக்கச் செய்தார்.

லெவோடோபா ஓர் அமினோ அமிலம் ஆதலின், அமினோ அமில வாயில் அதனை உள்ளே விடுகிறது. உள்ளே சென்றபின் அது டோபமைனாக மாறுகிறது. ஆயினும் ஓர் இடர் இருந்தது. உட்கொண்ட லெவோடோபாவின் பெரும்பகுதி மூளையை அடையுமுன்னே டோபமைனாக மாறிக் குமட்டலை உண்டாக்கியது. கார்பிடோபா என்னும் துணைமருந்து இதற்குத் தீர்வாயிற்று. வழியில் நிகழும் மாற்றத்தை அது தடுக்கிறது. ஆனால், தான் மூளைக்குள் நுழைவதில்லை. தூதனை வாயில்வரை காத்து வந்து, வெளியே நின்றுவிடும் மெய்க்காவலனைப் போன்றது அது. இவ்விரண்டும் சேர்ந்த மாத்திரையையே இன்றும் மருத்துவர்கள் தருகின்றனர்.

பருப்பும் மாத்திரையும்

மாத்திரை உண்டும் சித்தூர் முதியவருக்குச் சில நாள்களில் பயன் தெரியவில்லை. மறுமுறை திருப்பதி சென்றபோது, “ஐயா, மாத்திரையை எப்போது போட்டுக்கொள்கிறீர்கள்?” என்று மருத்துவர் கேட்டார். “எல்லா மாத்திரையும் சாப்பாட்டுக்குப் பின்தானே? பருப்புச் சோறு உண்டபின் போட்டுக்கொள்கிறேன்” என்றார் முதியவர். மருத்துவருக்குக் காரணம் விளங்கியது. பருப்பின் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் ஒரே வாயிலில் முண்டியடிக்கின்றன. கூட்டம் மிகுந்தால் மருந்து பின்தங்கிவிடுகிறது. உணவுக்கு அரைமணி நேரம் முன்பு மாத்திரை கொடுக்கும்படி அவர் பேத்தியிடம் கூறினார். அவள் கடிகாரம் பார்த்துக் கொடுக்கத் தொடங்கினாள். முதியவரின் கையெழுத்து ஓரளவு தெளிந்தது.

நோய் நீங்கிவிடவில்லை என்பதையும் அறிதல் வேண்டும். லெவோடோபா குறையை நிரப்புகிறதே தவிர, நரம்பணுக்கள் அழிவதைத் தடுப்பதில்லை. ஆண்டுகள் செல்லச்செல்ல மருந்தின் ஆற்றல் நீடிக்கும் நேரமும் குறைகிறது. மேலும், பூனைக்காலி விதையைத் தாமாகவே உண்பது தீங்கு தரும். அளவும் வேளையும் மருத்துவரே வகுக்க வேண்டியவை.

புதிய வழிகள்

உடைந்த வாயிலைத் தேடாமல், திறக்கும் வாயிலைத் தேடுவதே இன்றைய ஆய்வின் நெறி. இரும்புச்சத்தை மூளைக்குள் கொண்டுசெல்லும் வாயில் ஒன்று உண்டு. அதனைப் பற்றிக்கொண்டு நுழையும்படி அமைத்த மருந்து ஒன்றுக்கு, குழந்தைகளைத் தாக்கும் ஹன்டர் நோய்க்காக 2021இல் ஜப்பான் ஒப்புதல் அளித்தது. மீயொலி அலைகளால் தடுப்பைச் சிறிது நேரம் தளர்த்துதல், நுண்துகள்களில் மருந்தை ஏற்றி அனுப்புதல், மூக்கின் வழியே செலுத்துதல் ஆகியவையும் ஆராயப்படுகின்றன.

சொல்லும் பொருளும்

தந்துகி – மிக நுண்ணிய குருதிக் குழாய்
தாங்கொணா – பொறுக்க முடியாத
இடர் – துன்பம், தடை
நெறி – வழி

மதிப்பீடு

1. எர்லிக், கோல்ட்மன் ஆகியோரின் சோதனைகள் உணர்த்திய உண்மை யாது?
2. டோபமைன் நுழைய முடியாத இடத்தில் லெவோடோபா நுழைவது எவ்வாறு?
3. கார்பிடோபா மெய்க்காவலனுடன் ஒப்பிடப்படுவதன் பொருத்தத்தை விளக்குக.
4. முதுமை என வீட்டார் கருதியதைப் பேத்தி நோயெனக் கண்டது எவ்வாறு? அவளுடைய பண்பு குறித்து ஒரு பத்தி எழுதுக.

கற்பவை கற்றபின்

உம் ஊரில் வளரும் ஐந்து மூலிகைகளின் தமிழ்ப் பெயரையும் தெலுங்குப் பெயரையும் வீட்டுப் பெரியோரிடம் கேட்டுப் பட்டியலிடுக.