சின்னத் தொட்டிக்கு எந்த மீன்?

மொட்டைமாடியிலோ வாசலிலோ ஒரு தொட்டி வைத்து, அல்லி நட்டு, மீன் விடும் ஆசை பள்ளி, கல்லூரி மாணவர்களிடம் பெருகியிருக்கிறது. வரவேற்க வேண்டிய ஆசைதான். ஆனால் அவர்கள் மீன் தேர்ந்தெடுக்கும் விதம் கவலை தருகிறது. கைபேசியில் பார்த்த ஜப்பானியக் குளத்தின் அழகு ஒரு பக்கம் இழுக்கிறது. 'சிவப்பு மீன் வீட்டுக்கு ராசி', 'வாங்குவதே வாங்குகிறாய், பெரிய மீனாக வாங்கு' என்று வீட்டுப் பெரியவர்கள் மறுபக்கம் இழுக்கிறார்கள். தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும், எவ்வளவு நேரம் வெயில் விழும் என்று எவரும் கேட்பதில்லை. தேர்வு தொடங்க வேண்டிய இடம் அந்த இரண்டு கேள்விகள். நிறத்தையும் ராசியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிமெண்ட் தொட்டி, பாதியாக அறுத்த டிரம், அகன்ற பிளாஸ்டிக் டப் எதுவும் உதவும். ஆழத்தைவிட வாய் அகலம் முக்கியம், ஏனென்றால் காற்றிலுள்ள ஆக்சிஜன் நீர்ப்பரப்பின் வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசியும். வாழைத்தண்டைப் போட்டு ஊறவைத்து, இரண்டு மூன்று வாரம் தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டிய பிறகே மீன் விட வேண்டும். ரசாயனம் இருந்த டிரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 200 லிட்டர் தண்ணீரின் எடை 200 கிலோ. அதனால் மாடியில் தொட்டியின் இடம் சுவரையோ உத்தரத்தையோ ஒட்டி இருக்கட்டும். ஐப்பசி மழையில் தொட்டி வழிந்தால் மீனும் வழிந்து போகும். விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டு வலை கட்டிவிட்டால் போதும்.

இனி, மாணவர்கள் அதிகம் ஏமாறும் கோய் மீன். கடையில் விரல் நீளத்தில், வெள்ளை உடலில் செம்பட்டையோடு, எவர் கையிலிருக்கும் பணத்துக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது. ஜப்பானின் நீகாத்தா மலைக்கிராமங்களில் கெண்டை இனத்திலிருந்து நிறத்துக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்த மீன் அது. வளர்ந்தால் இரண்டடியைத் தாண்டும், பல பத்தாண்டுகள் வாழும். அதற்கு வேண்டியது ஆயிரக்கணக்கான லிட்டர் கொண்ட குளம். நீகாத்தாவில் குளிர்காலத்தில் பனி மூடும். அந்த மாதங்களில் கோய் உணவை ஏறக்குறைய நிறுத்திவிட்டு அடியில் அடங்கிக் கிடக்கும். சென்னையிலோ மதுரையிலோ அந்த ஓய்வு கிடையாது. ஆண்டு முழுக்கத் தின்கிறது, ஆண்டு முழுக்கக் கழிக்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவில் இருப்பது 30 டிகிரியில் ஏழரையாகிவிடும். மீன் கழிவிலுள்ள அம்மோனியாவில் நஞ்சாக மாறும் பங்கோ அதே பத்து டிகிரி ஏற்றத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். பாசி பிடித்த தொட்டியில் நண்பகல் வெயிலில் நீரின் காரத்தன்மையும் ஏறுவதால் அந்த நஞ்சு இன்னும் கூடும். அக்னி நட்சத்திரத்தில் ஒரு டப் தண்ணீருக்குள் நான்கு கோய் குஞ்சுகளை விடுவது அவற்றுக்கு நாள் குறித்துவிடுவதுதான்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு, 'தொட்டியின் அளவுக்குத் தக்கபடிதான் மீன் வளரும்' என்பது. கடைக்காரர்களும் இதை நம்பியே சொல்கிறார்கள். சிறிய தொட்டியில் மீன் குறுகிப்போவது உண்மை. ஆனால் அது இடத்துக்கேற்ற இசைவு என்று எண்ணுவது தவறு. கழிவு தேங்கிய நீரில் வளர்ச்சி தடைபட்ட உடலின் அடையாளம் அது. அப்படிப்பட்ட மீன் தன் முழு ஆயுளையும் வாழாது. 'கடையில் ஒரே தொட்டியில் நூறு மீன் இருக்கிறதே' என்பது அடுத்த மறுப்பு. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் அந்த நூறும் விற்கும்வரை சில நாட்களே இருக்கின்றன. காற்றுக்குழாய் ஓயாமல் ஓடுகிறது, தண்ணீர் அடிக்கடி மாறுகிறது. வீட்டில் பம்பும் ஃபில்டரும் வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஓரளவு உதவும். ஆனால் கோடை இரவில் மின்சாரம் சில மணி நேரம் போனாலே அந்த உதவி நின்றுவிடும். தவிர, ஃபில்டரால் அழுக்கைக் குறைக்க முடியுமே தவிர, இரண்டடி மீன் திரும்பி நீந்த இடம் தர முடியாது. கோய் மண்ணைக் கிளறி மேயும் சாதி. ஆசையாக நட்ட அல்லிக் கிழங்கையும் பிடுங்கிப் போட்டுவிடும்.

'வளர்ந்தபின் வேறெங்காவது விட்டுவிடலாம்' என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான யோசனை. அந்த 'வேறெங்காவது' பெரும்பாலும் ஊர் ஏரிதான். கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யவென்று வாங்கி, பெரிதானதும் கொண்டுபோய் விடப்பட்ட 'டேங்க் கிளீனர்' மீன்கள் இன்று நம் ஏரிகளில் பெருகி மீனவர் வலைகளில் சிக்குகின்றன. அவற்றின் முள் துடுப்பு வலையைக் கிழிக்கிறது. உண்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. எந்தத் தொட்டி மீனையும் ஏரியிலோ கிணற்றிலோ விடக்கூடாது.

அப்படியானால் எதை விடுவது? கோல்டு ஃபிஷ் கோயின் உறவுதான், அழுக்கும் அதிகம் சேர்க்கும். 200 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் நினைக்கவே வேண்டாம். ஃபைட்டர் மேலே வந்து காற்றையே மூச்சாக இழுக்கக்கூடியது என்பதால் நிழலிலிருக்கும் சிறிய தொட்டிக்கும் சரிப்படும். ஆனால் ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் மட்டுமே. கப்பி வெயிலையும் உப்புச் சாரத்தையும் தாங்கும், கொசுப்புழுவைத் தின்னும். டெங்குவைப் பரப்பும் கொசு, முட்டையிலிருந்து சிறகு முளைக்க ஒரு வாரம் பத்து நாளே எடுக்கும் நம் ஊரில் இது சிறிய தகுதி இல்லை. மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடுவதால், 100 லிட்டருக்கு ஏழெட்டு கப்பி விட்டால் போதும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக என் வாக்கு நம் வயல்வாய்க்கால் மீன்களுக்கே: உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்ப்பரப்பை ஒட்டியே திரியும் பாஞ்சாக்ஸும், சிறிய கெண்டைகளும். இந்த வெயிலுக்கும் மழைக்கும் பிறந்தவை அவை. பாஞ்சாக்ஸ் துள்ளிக் குதிக்கும் என்பதால் தொட்டிக்கு வலை மட்டும் வேண்டும். 'பார்க்க நிறமில்லையே' என்பார்கள். காலை வெயில் சாய்ந்து விழும்போது அவற்றின் பக்கவாட்டைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

எதைத் தேர்ந்தாலும் முதல் மாதம் காத்திருப்பதற்கானது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள், 'வெறும் தண்ணீருக்கா இவ்வளவு செலவு?' என்று வீட்டில் கேட்பார்கள். தொட்டி கொசுவுக்கு இடமாகாதிருக்க இரண்டு மூன்று சிறு மீன்களோடு தொடங்கி, வேலம்பாசியும் அல்லியும் வேர்பிடித்த பிறகு மற்றவற்றைச் சேர்க்கலாம். வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுவது, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி போடுவது, விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா என்று பார்ப்பது ஆகியவற்றில் உங்களுக்கு ஈடுபாடு உண்டா என்பது இந்தச் சில வாரங்களில் தெரிந்துவிடும். உண்டென்றால் அடுத்த ஆண்டு பெரிய தொட்டி வைக்கலாம். இல்லையென்றால் அல்லியும் நான்கு கப்பியும் போதும், அதில் குறைவு எதுவுமில்லை. ஒருவர் எதற்குப் பொருத்தமானவர் என்பதை அண்டை வீட்டுத் தொட்டியோ அப்பாவின் விருப்பமோ முடிவு செய்யக்கூடாது. பெற்றோர்களே, பிள்ளை சிறிய மீனைத் தேர்ந்தால் தடுக்காதீர்கள். கடைக்குப் போகும் முன் தொட்டியின் நீள அகல ஆழத்தை அளந்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளைப் பார்த்தபின் மீனை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.