பச்சோந்திக்கும் டென்ஷன் உண்டு!



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றதும் நம்ம செட்டில் பாதிப் பேர் கவிதை எழுதக் கிளம்பிட்டாங்க. எனக்குக் கவிதை வராது. எங்க வீட்ல படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு சவுக்குத் தோப்பில் கூலி வேலை. அந்தத் தோப்புப் பக்கம் நான் செய்த ஒரு தப்பையும், அதனால் கற்றுக்கொண்ட பாடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

போன வருஷம் மழை விட்ட ஒரு காலையில், புதுச்சேரிக்கு வெளியே செம்மண் மேட்டில், முந்திரிக் கிளை ஒன்றில் ஒரு பச்சோந்தி இருந்தது. ஆசைப்பட்டுப் பிய்த்து எடுத்து, அட்டைப்பெட்டியில் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். கையில் எடுத்ததுமே கறுத்துப் போச்சு. உடம்பை ஊதிக்கொண்டு, வாயைப் பிளந்து 'உஸ்'ஸென்று சீறியது. "சரியான கோபக்காரன்" என்று சிரித்தேன். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், தொடவே இல்லை. தாகமா இருக்குமே என்று இஸ்திரி போடும்போது தெளிக்கிற ஸ்பிரே பாட்டிலை எடுத்து முகத்திலேயே அடித்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டது. இன்னும் கறுத்தது. மூணு நாள் ஒரு வெட்டுக்கிளிகூடத் தின்னவில்லை.

அப்பா எட்டிப் பார்த்தார். "கோபம் இல்லடா, அது பயந்து கெடக்குது. எடுத்த கிளையிலயே கொண்டு போய் விட்டுடு" என்றார். விட்டேன். நான் பத்தடி தள்ளிப் போய் நின்ற பிறகு, மெல்ல மெல்லப் பச்சை திரும்பியது. பள்ளிக்கூடமே போகாத அப்பாவுக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை? அந்த வெட்கத்தில்தான் தேடிப் படித்தேன்.

நிறம் எதற்கு மாறுகிறது?

இலையில் உட்கார்ந்தால் பச்சை, மண்ணில் உட்கார்ந்தால் செம்மண் நிறம் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது முக்கியக் காரணம் அல்ல. உடம்புச் சூட்டைச் சரிசெய்யவும், பயம், சண்டை, இணை தேடல் இவற்றைக் காட்டவும்தான் பெரும்பாலும் நிறம் மாறுகிறது. தோலில் மெலனின் என்ற கரும்பொருள் உள்ள செல்கள் இருக்கின்றன. அந்தக் கரும்பொருள் செல்லுக்குள் பரவினால் தோல் கறுக்கும். இன்னொரு வகைச் செல்களில் மிக நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளி கூடினால், குறைந்தால் திருப்பி அனுப்பும் ஒளியின் நிறமே மாறிவிடும். மடகாஸ்கர் தீவின் பேந்தர் பச்சோந்தியில் இதை ஜெனீவா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2015-ல் விளக்கிக் காட்டினார்கள். நம்ம எலக்ட்ரானிக்ஸ் பாஷையில் சொன்னால், தோல் ஒரு இண்டிகேட்டர் விளக்கு. உள்ளே நடப்பதை வெளியே காட்டுகிறது.

கறுப்புக்கு இரண்டு அர்த்தம்

காலைக் குளிரில் வெயிலுக்கு உடம்பைத் தட்டையாகக் காட்டி, அசையாமல் கறுத்து இருந்தால் சூடு ஏற்றிக்கொள்கிறது, கவலை வேண்டாம். கறுப்போடு சேர்ந்து உடம்பு ஊதி, வாய் பிளந்து, முன்னும் பின்னும் ஆடினால் அது பயம். வெளிறிப்போய் வாயைத் திறந்து வைத்திருந்தால் வெயில் தாங்கவில்லை, உடனே நிழல் வேண்டும். ஆக, நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். உட்கார்ந்திருக்கும் விதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

தண்ணீர் தெளிப்பது

பச்சோந்தி கிண்ணத்தில் குடிக்கப் பழகியது அல்ல. இலையில் நிற்கும் பனித்துளி, மழைத்துளியைத்தான் நக்கிக் குடிக்கும். முகத்தில் அடிக்கும் தண்ணீர் அதற்குத் தாக்குதல் மாதிரி. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உடம்புச் சூடும் இறங்கிவிடும். வளர்ப்பவர்கள் இலைமேல் மென்மையாகத் தெளித்து, துளி சொட்டவிட்டு, விலகி நிற்பார்கள். ஆள் பக்கத்திலேயே நின்றால் தாகம் இருந்தாலும் சில குடிக்காது.

கையில் எடுப்பது

காக்கை, பருந்து மேலிருந்துதான் வரும். அதனால் மேலிருந்து வரும் நம்ம கையும் அதற்குப் பருந்துதான். விரல்கள் இரண்டு கற்றையாக, குறடு மாதிரி கிளையைப் பிடித்திருக்கும். வாலும் சுற்றியிருக்கும். பிய்த்து இழுத்தால் விரலும் நகமும் காயப்படும். முட்டையிட மண்ணுக்கு இறங்கும்போது ரோட்டைக் கடந்து டயரில் நசுங்குவதும் உண்டு. அப்படி ரோட்டில் பார்த்தால், முன்னால் ஒரு குச்சியை நீட்டுங்கள். தானே ஏறிக்கொள்ளும். பக்கத்துப் புதரில் விட்டுவிடுங்கள்.

சட்டமும் இருக்கு

நம்ம நாட்டில் இயற்கையாக வாழும் ஒரே பச்சோந்தி இனம் இதுதான். இலங்கையிலும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். இது தெரியாமல்தான் நானும் செய்தேன். நீங்க செய்யாதீங்க.

கட்சி மாறுகிறவரைப் 'பச்சோந்தி' என்று திட்டுகிறோம். யோசித்துப் பார்த்தால் அது நியாயமில்லை. வைவாவில் எக்ஸ்டர்னல் கேள்வி கேட்கும்போது எனக்கு உள்ளே நடுங்கும், வெளியே சிரித்துக்கொண்டு நிற்பேன். பச்சோந்திக்கு அந்த வித்தை தெரியாது. பயந்தால் பயந்தேன் என்று உடம்பெல்லாம் எழுதிக் காட்டிவிடும். அதைப் படிக்கத் தெரியாதது நம்ம குறைதான்.



— இரண்டாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ் பிரிவு