கேட்டு அறிவதும் ஒரு சேவையே



வெளிநாட்டில் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் நமது மருத்துவமனையில் வந்து சேரும்போது, “இவருக்கு எல்லாம் தெரியும், மற்றவர்கள் இவரிடம் கற்றுக்கொண்டால் போதும்” என்று நாம் எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணம் பாதிதான் சரி. மீதிப் பாதியைப் பற்றியதே இந்தப் பாடம். உங்கள் சபையின் மகளிர் கூட்டத்திலும் வாலிபர் கூட்டத்திலும் வாசித்துக் கலந்து பேசும்படி இதை எழுதுகிறோம்.

ஓர் இரவில் நடந்தது

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்டில் இருந்த ஒருவரை, சர்க்கரை மிகவும் ஏறிய நிலையில் உடன் வேலை செய்வோர் கொண்டுவந்தார்கள். 20 யூனிட் இன்சுலின் போடும்படி டாக்டர் எழுதினார். வீட்டார் வெளியே மருந்துக்கடையில் வாங்கி வந்த புட்டியை, இங்கிலாந்தில் பயிற்சி பெற்று எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த சிஸ்டரின் கையில் கொடுத்தார்கள். அவர் வார்டில் இருந்த சிரிஞ்சை எடுத்து 20 என்ற கோடு வரை மருந்தை இழுத்தார். உடனே நிறுத்திவிட்டார். “20 யூனிட்டுக்கு இவ்வளவு மருந்தா?” என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

எங்கள் வார்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிசெய்யும் மூத்த நர்ஸிடம் போய், “அக்கா, இது சரிதானா, கொஞ்சம் பாருங்கள்” என்றார். அந்த அக்கா கடல் கடந்து போனதே இல்லை. புட்டியையும் சிரிஞ்சையும் பார்த்தவுடனே சொன்னார்: “வேண்டாம்மா, கீழே வை. புட்டி 100, சிரிஞ்ச் 40. சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு.”

நம் நாட்டில் இன்சுலின் புட்டிகள் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வலுவில் விற்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சிரிஞ்ச் உண்டு. பிரிட்டனில் 1983 முதல் 100 யூனிட் வலுவே வழக்கமாகிவிட்டது. அங்கே பயின்றவர் 40 யூனிட் சிரிஞ்சைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. அன்று அந்தச் சிரிஞ்சில் ஏறியிருந்தது அரை மில்லி. 100 யூனிட் புட்டியிலிருந்து எடுத்த அரை மில்லியில் இருப்பது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். அதைப் போட்டிருந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி உயிருக்கே ஆபத்து வந்திருக்கும்.

அளவு கூடுதல் என்று கண்டது வெளிநாட்டில் பழகிய கண். காரணத்தைச் சொன்னது உள்ளூரில் பழகிய அறிவு. இரண்டையும் சேர்த்தது ஒரு கேள்வி. அந்தத் தொழிலாளி பிழைத்து வீடு திரும்பினார்.

நர்ஸ் எங்கே தேடுகிறார்?

முதலாவது, உடன் பணிசெய்பவரிடம். இது எங்கள் அனுபவம் மட்டுமல்ல. இங்கிலாந்து மருத்துவமனைகளில் கார்ல் தாம்சன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2001ல் வெளியிட்ட ஆய்விலும், நர்ஸ்கள் புத்தகத்தையோ கம்ப்யூட்டரையோ விட அனுபவமுள்ள மற்றொரு நர்ஸிடம் கேட்பதையே அதிகம் நம்பினார்கள் என்று தெரியவந்தது. நோயாளி காத்திருக்கும்போது பக்கங்களைப் புரட்ட நேரம் ஏது?

இரண்டாவது, நோயாளியிடம். எங்கள் பகுதிக்கு ஆந்திர எல்லை அருகில் இருப்பதால் தெலுங்கு பேசுவோர் வருகிறார்கள். ஒடிசா, பீகார் மாநிலத் தொழிலாளர்களும் வருகிறார்கள். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் உண்டு. அங்கிருந்து வரும் ஒரு தாய், “பிள்ளைக்கு மூன்று தரம் சத்தி, தடிமனும் இருக்கு” என்றால், சத்தி என்பது வாந்தி, தடிமன் என்பது ஜலதோஷம் என்று அறிந்தவரே சரியாகக் குறித்துக்கொள்வார். மாத்திரையை அவர்கள் குளிசை என்பார்கள். வெளிநாட்டுப் பாடத்தில் மட்டுமல்ல, நம் ஊர்ப் பாடத்திலும் இவை இல்லை. நோயாளியிடம் பொறுமையாகக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

மூன்றாவது, ஏடுகளிலும் புத்தகங்களிலும். ஆனால் அவை எந்த மண்ணுக்கு எழுதப்பட்டவை என்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் இயற்கையாக வாழும் விஷப்பாம்பு ஒன்றே ஒன்றுதான். திருவள்ளூர் வயல்களிலோ நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கடிபட்டவரின் இரத்தத்தில் சிறிது எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கும் எளிய சோதனையை இங்கேதான் கற்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அரசுக்கு அறிவிக்க வேண்டியவற்றில் சேர்த்தது. இதுவும் நர்ஸ் அறிய வேண்டிய செய்தியே.

அளவுகளும் பெயர்களும்கூட மாறும். பிரிட்டனில் சர்க்கரை 15 என்று காட்டும் அதே இரத்தம், நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 270 காட்டும். 18ஆல் பெருக்க வேண்டும். நாம் பாரசிட்டமால் என்பதை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். நாம் அட்ரினலின் என்பது அங்கே எபிநெஃப்ரின்.

முன்னோர் காட்டிய வழி

இந்தத் தேவை புதியதல்ல. கடல் கடந்து வந்த நர்ஸ்கள் பலர் பணிசெய்த காலத்தில், 1908ல் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் உருவாயிற்று. 1910ல் அதன் பத்திரிகை தொடங்கியது. தூரத்து ஊர்களில் தனித்திருந்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ள அது வழி செய்தது. 1909ல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1946ல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. கற்றுக்கொண்டதைத் தங்களோடு வைத்துக்கொள்ளாமல் இந்த மண்ணில் விதைத்துப் போனார்கள்.

நாங்கள் செய்தது

அந்த இரவுக்குப் பிறகு 40 யூனிட்டுக்கும் 100 யூனிட்டுக்கும் தனித்தனி தட்டுகள் வைத்தோம். மருந்துப் பெயர்களும் அளவுகளும் எழுதிய அட்டையைச் சுவரில் மாட்டினோம். வார்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். சந்தேகம் வந்தவர் அதில் எழுதுவார், விடை தெரிந்தவர் கீழே எழுதிக் கையெழுத்திடுவார். புதியவர் கேட்டால் யாரும் சிரிக்கக்கூடாது என்றும் முடிவு செய்தோம். இதைத்தான் கடைப்பிடிக்கக் கடினமாக இருந்தது.

புதிய கட்டிடமும் கருவியும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். நோட்டுப் புத்தகம் தெரியாது. ஆனாலும் நீங்கள் அன்போடு அனுப்பும் காணிக்கை, நர்ஸ்கள் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கற்கவும் உதவுகிறது என்பதை நன்றியோடு தெரிவிக்கிறோம்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. அதிகம் படித்தவர் குறைவாகப் படித்தவரிடம் கேட்கத் தயங்குவது ஏன்?

2. நம் வீட்டில் சர்க்கரைக்கு ஊசி போடுபவர் உண்டா? புட்டியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றா என்று இன்றே பார்ப்போமா?

3. நம் சபைக்குப் புதிதாக வருபவர் கூச்சமின்றிக் கேள்வி கேட்க நாம் இடம் கொடுக்கிறோமா?