இரவுப் பணி முடிந்து தூங்க

கோவிட் பரவலால் மலேசியாவில் 2020 மார்ச் 18 முதல் நடப்புக்கு வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் ஊரே வீட்டுக்குள் இருந்தது. ஈப்போ மருத்துவமனைத் தாதியர் வார்டில் நின்றார்கள். இரவுப் பணி பார்ப்போருக்கு அன்றும் இன்றும் தூக்கம்தான் பெரும் பாடு.

● படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே கோப்பியை நிறுத்துங்கள். குடித்து 5 மணி நேரமானாலும் காஃபினில் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே இருக்கும்.

● சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களுக்குத் திரும்புகிறவர்களே, கண் சொக்கினால் வண்டியை எடுக்கவே வேண்டாம். 20 நிமிடம் கண்ணயர்ந்து, முகம் கழுவிக் கிளம்புங்கள். வீட்டில் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள்.

● தகரக் கூரை வீடானால் உச்சி வெயிலுக்கு முன்பே படுங்கள். சன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள்.

● வீட்டாரே, பகலில் தூங்கும் தாதியைச் சமையலுக்கு எழுப்பாதீர்கள்.

● மனப்பாரமோ தூக்கமின்மையோ நீடித்தால் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555-ஐ அழையுங்கள்.