மரநிழலும் மருந்தாகும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

மருந்து என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மாத்திரையும் ஊசியும்தாம். ஆனால் வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பணிவிடை செய்பவர் என்பன அந்நான்கு. முதல் மூன்றைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நான்காமவர் இயற்கையைத் துணைக்கொண்டு செய்யக்கூடிய பணியையும், அதற்கு அவருக்கு வேண்டிய பயிற்சியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்பாயிக்குக் கிடைத்த வைத்தியம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அப்பாயி பக்கவாதத்தால் விழுந்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் ஐந்து மாதங்கள் இருண்ட உள்ளறையே அவருக்கு உலகமாயிற்று. மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்தோம். ஆயினும் பேச்சுக் குறைந்தது, சோறு குறைந்தது. "என்னை ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?" என்று கேட்கத் தொடங்கினார்.

இரத்த அழுத்தம் பார்க்க வரும் சுகாதாரப் பணியாளர் அக்கா ஒருநாள், "தம்பி, கயித்துக் கட்டிலைக் கொல்லையில வேப்பமரத்தடியில போடுங்க. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் இருக்கட்டும்" என்றார். முதல் வாரம் அப்பாயி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் வாரம் கீரைப் பாத்தியில் வாய் வைத்த ஆட்டைத் திட்டினார். ஒரு மாதம் கழித்து, மடியில் போட்ட முருங்கைக் கீரையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு வராத கையால் உருவ முயன்றார். நோய் முற்றும் நீங்கிவிட்டது என்று நான் கூறவில்லை. இன்றும் அவர் கோலூன்றித்தான் நடக்கிறார். ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் அவர் பிறகு கேட்கவே இல்லை.

"இது பயிற்சியில சொன்னதாக்கா?" என்று கேட்டேன். "இல்ல தம்பி, எங்கம்மாவை நான் இப்படித்தான் பார்த்துக்கிட்டேன்" என்றார். ஒருவரின் நல்ல மனத்தில் மட்டும் இருக்கும் பழக்கத்தை எல்லோருக்கும் உரிய பாடமாக்க இயலாதா என்ற எண்ணம் அன்றுதான் எனக்குத் தோன்றியது.

அறிவியல் கூறுவது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர் 23 பேர். செங்கற் சுவரைக் கண்டவர் 23 பேர். மரங்களைக் கண்டவர்கள் சராசரியாக 7.96 நாட்களில் வீடு திரும்பினர், மற்றவர்களுக்கு 8.70 நாட்கள் ஆயின. வலுவான வலிநீக்கி மருந்தும் முன்னவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984இல் வெளிவந்த இவ்வாய்வில் எண்ணிக்கை சிறிதுதான். எனினும் பின்வந்த பல ஆய்வுகளுக்கு இது கால்கோளாக அமைந்தது.

ஜிம்பாப்வே நாட்டுச் செய்தி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 2006ஆம் ஆண்டில் டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவர் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமாருடன் ஒரு பணியைத் தொடங்கினார். மருத்துவ நிலையத்தில் அறை கிடைக்கவில்லை. எனவே வெளியே மர இருக்கை ஒன்றைப் போட்டு, மனம் நொந்து வருபவர்களிடம் பேசப் பாட்டிமாருக்குப் பயிற்சி அளித்தார். 'நட்பு இருக்கை' என்பது அதன் பெயர். 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2016இல் வெளியாயிற்று. ஆறு மாதங்களுக்குப் பின், அந்த இருக்கையில் அமர்ந்து பேசியவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. அங்கே குணம் தந்தது பேச்சுதான். ஆனால் அறைக்குள் நுழையத் தயங்குபவரும் வெட்டவெளியில் உட்காரத் தயங்குவதில்லை என்பது என் கருத்து.

பயிற்சியில் இடம்பெற வேண்டியவை

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் மாத்திரையுடன் வீடு தேடிச் செல்கின்றனர். கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஊரை நன்கு அறிந்தவர்கள். இத்தகையோருக்கு அளிக்கும் பயிற்சியில் கீழ்க்கண்ட நான்கும் இடம்பெறலாம்.

ஒன்று, கணக்கெடுத்தல். மரத்தடிக்கு யார் வருகிறார்கள் என்பதைவிட யார் வருவதில்லை என்பதைக் குறிக்கப் பழக வேண்டும்.

இரண்டு, கேட்டல். அறிவுரை கூறுமுன் எதிரிலிருப்பவரைப் பேசவிட வேண்டும். ஒருவருக்குத் தோட்டம் பிடிக்கும். ஒருவருக்குக் கோழி வளர்க்கப் பிடிக்கும். ஒருவர் கண்மாய்க் கரையைப் பார்த்தாலே போதும் என்பார்.

மூன்று, உடலுக்கேற்ற ஏற்பாடு. உச்சிவெயில் கூடாது, குடிநீர் அருகில் வேண்டும், இருக்கை எழுந்திருக்கத்தக்க உயரத்தில் இருக்க வேண்டும். மணலில் சக்கர நாற்காலி ஓடாது. பயிற்சி பெறுவோர் தாமே அதில் அமர்ந்து சென்று பார்ப்பது நலம். மாற்றுத்திறனாளிகளே ஆசிரியராக வந்து கற்பித்தால் அதனினும் நலம்.

நான்கு, எல்லை அறிதல். நிழல் மாத்திரைக்கு மாற்று அன்று. நெஞ்சுவலி என்றாலும், சாக வேண்டும் என்ற பேச்சு வந்தாலும் தாமதமின்றி மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

யாருடைய நிழல்?

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம் ஒன்று உண்டு. எங்கள் ஊர் நடுவில் பெரிய அரசமரமும் அதைச் சுற்றி மேடையும் உள்ளன. அப்பாயி சற்று நடக்கத் தொடங்கியதும், "அங்க போய் உக்காரலாமா அப்பாயி?" என்று கேட்டேன். "அது நமக்கில்லப்பா" என்றார். எழுபது ஆண்டுகள் அதே ஊரில் வாழ்ந்தவர், அந்த மேடையில் ஒருநாளும் அமர்ந்ததில்லை. என் அம்மாவும் அமர்ந்ததில்லை. மரம் எவரையும் தடுக்கவில்லை, மனிதர்தாம் தடுத்தோம். இயற்கை எல்லோருக்கும் பொது என்று தாவரவியல் மாணவனாகிய நான் எழுதும்போது, அந்த ஒரு வாக்கியம் என் கையைப் பிடித்து நிறுத்துகிறது. ஊரின் பொது நிழலை எல்லோருக்கும் பொதுவாக்குவதும் நலப்பணியே. பணியாளர் ஒருவர் தனியே இதைச் செய்ய இயலாது. படித்தவர்கள் துணை நிற்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் நாம் மரக்கன்று நடுகிறோம். இனி ஒவ்வொரு கன்று நடும்போதும், இதன் நிழலில் யார் அமர்வார், அவர் எவ்வழியே வருவார் என்று கேட்போம். நம் கல்லூரித் தாவரத் தோட்டத்திற்கு ஏறும் மூன்று படிகளின் பக்கத்தில் ஒரு சாய்வுப் பாதை அமைத்தால், அதுவே நம் முதற்பாடமாகும். பேராசிரியப் பெருமக்கள் இதனை மனங்கொள்ள வேண்டுகிறேன்.

மரம் நடுவோம், அதன் நிழலுக்கு மனிதரையும் அழைத்து வருவோம்!