கணக்கை விடாமல் கணினிக்குப் போகும் வழி

கேமரன் மலையின் கம்போங் ராஜாவில் காய்கறி மொத்த வியாபாரியிடமோ, புளூ வேலி பக்கத்துத் தோட்ட ஆபீசிலோ கணக்கு வேலை பார்க்கிற ஒருவருக்கு ஐ.டி. பக்கம் போகும் ஆசை வந்தால், முதலில் என்ன செய்கிறார்? ஒரு வகுப்பில் சேர்கிறார். புதுப் பட்டதாரிகளோடு போட்டி போடும் புதுமுகமாகத் தன்னை ஆக்கிக்கொள்கிறார். பத்து வருடக் கணக்கு அனுபவம் சுயவிவரத்தின் கடைசி வரிக்குப் போய்விடுகிறது. இந்த நஷ்டம் தேவையே இல்லை. உங்கள் முதல் ஒப்பந்த வேலை கணக்கும் கணினியும் சேரும் இடத்தில்தான் இருக்கிறது.

மலேசியாவில் அந்த இடம் அடிக்கடி திறந்திருக்கிறது. 2015 ஏப்ரல் 1-ல் ஜிஎஸ்டி என்ற பொருள், சேவை வரி வந்தது. 2018 ஜூனில் அது பூஜ்யமாகி, செப்டம்பர் 1-ல் விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பியது. ஒவ்வொரு முறையும் கடைகளின் பில் மென்பொருளை மாற்ற வேண்டியிருந்தது. இப்போது மின் இன்வாய்ஸ். ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1-ல் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2026 ஜனவரி 1-ல் 10 லட்சம் முதல் 50 லட்சம் வெள்ளி வரை விற்பவர்களிடம் வந்துவிட்டது. கம்போங் ராஜா, கீ ஃபார்ம் பக்கம் லாரி வைத்துக் காய்கறியும் பூவும் அனுப்பும் வியாபாரிகளில் பலர் இந்த வரம்பைச் சுலபமாகத் தொடக்கூடியவர்கள்.

நிரல் எழுதத் தெரிந்த இளைஞர் இன்வாய்ஸை வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்பிவிடுவார். ஆனால் வெளிநாட்டிலிருந்து விதை வாங்கினால் வாங்கியவரே இன்வாய்ஸ் போட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. பெயர் கொடுக்காத சில்லறை வாடிக்கையாளர்களின் விற்பனையை ஒன்றாகத் தொகுத்து, மாதம் முடிந்த 7 நாளுக்குள் அனுப்பலாம். ஒரே விற்பனை 10,000 வெள்ளியைத் தாண்டினால் அதைத் தொகுப்பில் சேர்க்க முடியாது. அனுப்பிய இன்வாய்ஸை ரத்து செய்ய 72 மணி நேரம்தான். அதன் பிறகு கிரெடிட் நோட். அழுகிய தக்காளிக்குக் கோலாலம்பூர் வியாபாரி மூன்றாம் நாள் விலை குறைத்தால் எந்த ஆவணம் போடுவது என்று யோசிக்கத் தெரிந்தவர் நீங்கள்தான்.

வேலையில் இருக்கும்போதே தொடங்குங்கள்

ஒரு வாரம், கையால் திரும்பத் திரும்பச் செய்கிற வேலைகளை எல்லாம் எழுதிவையுங்கள். செக்ரோல் கூட்டுவது, சேமநிதி, சொக்சோ கோப்புகள் தயாரிப்பது, வங்கிக் கணக்கை ஒப்பிடுவது, சப்ளையர் ஸ்டேட்மெண்டைச் சரிபார்ப்பது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் படிக்கப்போவது அந்த ஒன்றை இயந்திரத்திடம் ஒப்படைப்பதற்காக மட்டும்.

படிக்கும் வரிசையில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதலில் எக்செலில் உள்ள பவர் குவெரி. பிறகு தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல். பிறகு பைத்தான். கடைசியாக ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் ஏபிஐ. மைக்ரோசாஃப்ட் லேர்ன், ஃப்ரீகோட்கேம்ப் ஆகியவற்றில் இவற்றில் பெரும்பகுதி இலவசம். கிளவுட் சான்றிதழ்களுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். அவை ஒரு வாடிக்கையாளர் கேட்கும் நாளில் போதும். கூடவே ஆட்டோகவுண்ட் போன்ற நம் நாட்டுக் கணக்கு மென்பொருள் ஒன்றின் உள்ளும் புறமும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வாடிக்கையாளரின் பழைய தரவு அங்கேதான் இருக்கும்.

அடுத்தது ஒரு மாதிரி வேலை. மைஇன்வாய்ஸுக்கு நிஜ இன்வாய்ஸ் எதையும் தொடாத சோதனைத் தளம் உண்டு; அதன் தொழில்நுட்பக் கையேடும் பொதுவில் கிடைக்கிறது. கற்பனைக் காய்கறிக் கடை ஒன்றின் எக்செல் பில்களைப் படித்து, தவறான வரி எண்களைத் தனியே ஒதுக்கி, மீதியைச் சோதனைத் தளத்துக்கு அனுப்பும் சிறு நிரலை எழுதுங்கள். நூறு பில்லில் ஏழு நிராகரிக்கப்பட்டால் ஏன் என்று ஒரு பக்கத்தில் விளக்குங்கள். அந்த ஒரு பக்கம் எந்தச் சான்றிதழையும்விட வியாபாரியிடம் அதிகம் பேசும். முதலாளியின் தரவை இதற்குத் தொடவே கூடாது. அது அவருடைய சொத்து. ஆட்களின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருந்தால் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரும். வெளிவேலை செய்யத் தடை இருக்கிறதா என்று உங்கள் நியமனக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள்.

நாள் கூலியை எப்படிப் போடுவது

இங்கேதான் கணக்கு தெரிந்தவர்களே ஏமாறுகிறார்கள். மாதச் சம்பளம் 4,000 வெள்ளி என்றால் அதை 26-ஆல் வகுத்து, 154 வெள்ளி வருகிறது, 200 கேட்டால் லாபம் என்று நினைக்கிறார்கள்.

சரியாகப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுச் சம்பளம் 48,000. முதலாளி கட்டிய 13 விழுக்காடு சேமநிதி 6,240. மடிக்கணினி, இணையம், காப்புறுதி, மென்பொருள் கட்டணம் என்று 6,000 வையுங்கள். மொத்தம் 60,240. இனி நாட்கள். 365-ல் சனி ஞாயிறு 104 போனால் 261. தீபாவளி போன்ற பொது விடுமுறை, தைப்பூசம், காய்ச்சல், குடும்பக் காரியம் என்று 30 போனால் 231. அதில் மூன்றில் ஒரு பங்கு வாடிக்கையாளர் தேடவும், விலைப்புள்ளி எழுதவும், படிக்கவும் போய்விடும். காசு வரும் நாட்கள் சுமார் 150. வகுத்தால் ஒரு நாளுக்குச் சுமார் 400 வெள்ளி. இது பழைய நிலையிலேயே நிற்பதற்கு வேண்டிய தொகை. லாபம் இதற்கு மேலேதான் தொடங்குகிறது.

இந்தக் கணக்கை உங்கள் சொந்த எண்களோடு போட்டுவிட்டு, பேச்சுவார்த்தைக்குப் போங்கள். முதல் வாடிக்கையாளர் தெரிந்தவர் என்பதற்காக 200-க்கு இறங்கினால், இரண்டாமவரும் அந்த 200-ஐக் கேள்விப்பட்டுத்தான் வருவார். கம்போங் ராஜா சிறிய ஊர்.

எந்த மாதிரி ஒப்பந்தம்

மலேசியாவில் ஐ.டி. ஒப்பந்தம் என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் ஏஜென்சி வழியாக ஆறு மாதமோ ஒரு வருடமோ வேலைக்கு எடுப்பது. சேமநிதியும் சொக்சோவும் அவர்களே கட்டுவார்கள். முதல் தடவைக்கு இது நல்ல பாலம், தாழ்த்தி நினைக்காதீர்கள். ஆனால் ஒரு நிறுவனம் இவற்றைக் கட்ட மாட்டோம், இருந்தாலும் காலை ஒன்பது மணிக்கு வந்து நாங்கள் சொல்கிறபடி செய் என்று சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் உள்ள 101சி பிரிவு, அப்படிப்பட்டவரைத் தொழிலாளராகவே அனுமானிக்க இடம் தருகிறது.

சொந்தமாகச் செய்வதென்றால் நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவு செய்யுங்கள். வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் செய்ய வேண்டும். இணையத்திலேயே முடிந்துவிடும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயரில் 60. வீட்டிலிருந்து நடத்த உரிமம் வேண்டுமா என்று தானா ராத்தாவில் உள்ள மாவட்ட மன்றத்தில் கேட்டுவிடுங்கள். மலேசியக் கணக்காளர் கழகமான எம்ஐஏவில் உறுப்பினராக இல்லாவிட்டால் விசிட்டிங் கார்டில் அக்கவுண்டண்ட் என்று போடக்கூடாது, 1967-ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டம் அதைத் தடுக்கிறது. கணக்கு மென்பொருள் ஒருங்கிணைப்பு என்று போடுங்கள்; செய்கிற வேலையும் அதுதான்.

எந்த வேலையையும் எழுத்தில் தொடங்குங்கள். என்ன செய்வேன், என்ன செய்ய மாட்டேன், எது நடந்தால் வேலை முடிந்ததாகக் கொள்வது, முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதியில். இரண்டு பக்கம் போதும். 5,000 வெள்ளிக்குள் பாக்கி நின்றுபோனால் வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போக அந்தத் தாள்தான் துணை. விற்பனை 10 லட்சம் வெள்ளிக்குக் கீழே உள்ள கடைக்கு மின் இன்வாய்ஸ் கட்டாயமில்லை. அவர்களிடம் பயம் காட்டி வேலை வாங்காதீர்கள். உண்மையைச் சொல்லிவிட்டால், வளரும்போது உங்களையே கூப்பிடுவார்கள்.

மலையிலிருந்து வேலை செய்ய இன்னொன்று வேண்டும். வருடக் கடைசி மழையில் மண் சரிந்து சிம்பாங் பூலாய் சாலை மூடும், மின்சாரமும் போகும். ஃபைபர் இருந்தாலும் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும், ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கிவையுங்கள். மாதம் முடிந்து தொகுப்பு இன்வாய்ஸ் அனுப்பும் வாரத்தில் இணைப்பு அறுந்தால் வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு ஆள்தான் நினைவுக்கு வருவார்.

ராஜினாமா செய்வதற்கு முன்

ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்க வேண்டும். தானாக வேலையை விட்டவருக்கு வேலைவாய்ப்புக் காப்புறுதி உதவித்தொகை கிடையாது. சொக்சோவில் சுயதொழில் செய்பவர்களுக்கான திட்டத்தில் சேருங்கள், மாதம் 13.10 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது. சேமநிதியில் ஐ-சரான் திட்டத்தில் சேருங்கள். நீங்கள் போடுவதில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசாங்கம் சேர்த்துத் தருகிறது. அதாவது 2,500 வெள்ளி போட்டால் முழுத் தொகையும் கிடைக்கும்; டிசம்பர் முடிவதற்குள் போட்டுவிடுங்கள்.

வருமான வரியில் இதுவரை பிஇ படிவம், ஏப்ரல் 30. இனி பி படிவம், ஜூன் 30. வரியைத் தவணையில் கட்டச் சொல்லும் சிபி500 கடிதம் வந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவணை கட்ட வேண்டும், அதனால் வருகிற ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கைத் தனி வங்கிக் கணக்கில் ஒதுக்குங்கள். பில், ரசீது, ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும்.